எட்டாவது பேனலும் ரெண்டு தட்டும்

பதினாலாயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய். இதுதான் நான் சூரியனுக்குப் பட்டிருந்த கடன்.

சூரியனுக்கு எல்லாரும்தான் கடன்பட்டிருக்கிறோம் என்று பெரியவர்கள் மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். அதெல்லாம் வாய்ப்பேச்சு. தொகை போட்டு, காரணம் காட்டி, கூட்டம் கூட்டி, ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிச் சூரியனுக்குக் கடன்காரனாக்கப்பட்ட மனிதன் இந்தத் தாமிரபரணிக் கரையில், ஏன், இந்தப் பூமியிலேயே நான் ஒருவன்தான். பேர் சங்கிலிபூதத்தான். தொழில், லோடு ஏற்றுவதும் இறக்குவதும். இந்தப் பெருமை எனக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை நாலு பேர் தெரிந்துகொண்டால் நாட்டுக்கு நல்லது.

இதை என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து எனக்கு ஐம்பது வயசுக்கு மேலே வந்து ஒட்டிக்கொண்ட சொந்தம். சாயங்கால வகுப்பு நடத்திச் சொல்லிக்கொடுத்தவர் சாலமோன் சார். ஆகவே இதில் பிழை இருந்தால் அவர் பொறுப்பு. உண்மை இருந்தால் நான் பொறுப்பு.

சாலமோன் சார் பாளையங்கோட்டையில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்து மட்டும்தான், தலைமையிலிருந்து அல்ல. எங்கள் ஊரான வாகைத்துறையின் குடிநீர்ச் சங்கத்துக்கு அவரே தலைவர். ஆற்றோரக் கிணற்றிலிருந்து மேட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற எங்களிடம் ஒரு பழைய ஆயில் இன்ஜின் இருந்தது. புகை விடும். இருமும். நாலு கெட்ட வார்த்தை சொன்னால் ஓடும். அது 'பிற்போக்கான' இன்ஜின் என்று சார் ஒருநாள் கண்டுபிடித்தார். டீசலை விடுவோம், சூரியனைப் பிடிப்போம் என்று சங்கம் முடிவு செய்தது. வீட்டுக்கு இவ்வளவு என்று ஊரே பணம் போட்டது. நானும் போட்டேன். எட்டு சோலார் பேனலுக்கு ஒரு கம்பெனியில் சொல்லிவைத்தார்கள்.

லாரி வந்த அன்றைக்கு இறக்கினது நானும் ஐயம்பெருமாளும். ஐயம்பெருமாள் என் சோடி. நான் முன்னால் பிடித்தால் அவன் பின்னால் பிடிப்பான். வாய் மட்டும் எப்போதும் முன்னால் நிற்கும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி உருப்படியைக் கீழே வைத்ததும், வைத்தவன் உள்ளங்கையால் அதன் மேல் ரெண்டு தட்டு தட்ட வேண்டும். லோடு முடிந்தது, சேதாரமில்லை, வண்டி போகலாம் என்று அர்த்தம். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். காதில் ரெண்டு தட்டு விழுந்தால் கியரைப் போட்டுவிடுவான். உர மூட்டையோ, பீரோவோ, கல்யாணவீட்டுப் பாத்திரமோ, எது இறங்கினாலும் இதுதான் முறை. தட்டினவன் அந்த லோடுக்குப் பொறுப்பு. பஜாரில் ஒரு வியாபாரிகூட இதை மறுத்துப் பேசினதில்லை.

எட்டாவது அட்டைப் பெட்டியை மோட்டார் ரூம் கதவில் சாய்த்துவைத்து நான் ரெண்டு தட்டு தட்டினேன். லாரி கிளம்பியது. அது முக்குத் திரும்பி மறைந்த பிறகு பெட்டிகளைப் பிரிக்கச் சொன்னார் சார். ஏழு பேனலில் எங்கள் முகம் தெரிந்தது. எட்டாவதில் எங்கள் முகம் நூறு துண்டாகத் தெரிந்தது.

உதிரவில்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பொடிப்பொடியாக நொறுங்கி, கல்கண்டைப் பரப்பி ஒட்டினதுபோல அப்படியே நின்றது. பெட்டியின் கீழ்மூலையில் ஒரு குழி, ஜாக்கி முனை பட்டதுபோல. பேனலின் சட்டமும் அதே இடத்தில் உள்ளே நசுங்கியிருந்தது.

"சார், இந்தக் குழியப் பாருங்க" என்றேன்.

"குழியப் பிறகு பாப்போம். நீ தட்டினியா இல்லியா?"

"தட்டினேன் சார். வழக்கம்லா."

"எத்தனை?"

"ரெண்டு."

சார் பெருமூச்சு விட்டார். என் பதில் கேட்டதற்கு மட்டும் என்று சுருக்கமாக இருந்ததில் அவருக்குப் பரம திருப்தி. அவருடைய மாணவன் அல்லவா.

கம்பெனிக்குப் போன் போட்டார். அவர்கள் சொன்ன விளக்கத்தை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன். லாரி நிற்கும்போது சொன்னால் அது 'வழியில் உடைந்தது'. லாரி போன பிறகு சொன்னால் அது 'கையில் உடைந்தது'. வழியில் உடைந்தால் கம்பெனி வேறு பேனல் தரும். கையில் உடைந்தால் கை தர வேண்டும். உடைந்தது ஒரே பேனல்தான், உடைந்த நேரமும் ஒன்றுதான். ஆனாலும் எங்கே உடைந்தது என்று தீர்மானிக்கிற உரிமை லாரிச் சக்கரத்துக்கு. இவ்வளவு தெளிவான நியாயம் எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது.

அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம். சார் எழுந்து நின்றார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"அன்பார்ந்த உறுப்பினர்களே! நம்முடைய எட்டாவது பேனல் நம்மை விட்டுப் பிரிந்தது."

"பிரியலை சார், கதவுலதான் சாஞ்சு நிக்கி" என்றான் ஐயம்பெருமாள்.

"உறுப்பினர் குறுக்கிடக் கூடாது. இது ஒரு தனி மனிதரைக் குற்றம் சொல்லும் கூட்டம் அல்ல. ஆனால் அந்தத் தனி மனிதர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதற்குமுன் ஒரு கூட்டத்திலும் யாரும் என்னைப் பார்த்ததில்லை.

பேனலின் விலை பதினாலாயிரத்து எண்ணூற்று அறுபது என் பேரில் எழுதப்பட்டது. விசாரணை முடிகிறவரை பேனலை யாரும் இடம் மாற்றக் கூடாது, அது 'சாட்சியம்' என்று முடிவானது. மறுநாள் காலையில் சாரே சாக்பீஸ் கொண்டுவந்து, கதவில் சாய்ந்து நின்ற பேனலைச் சுற்றித் தரையில் ஒரு கோடு போட்டார். கோடு போடுவதில் முப்பது வருஷ அனுபவம். கை நடுங்கவே இல்லை. கோட்டுக்குள்ளே ஆடு வந்து படுத்தால் எழுப்பிவிட ஒரு ஆள் வேண்டுமே? அந்தக் காவல் பொறுப்பும் எனக்கே வந்தது, சம்பளம் இல்லாமல். குற்றவாளியையே சாட்சியத்துக்குக் காவல் வைக்கிற நம்பிக்கை வேறு எந்த ஊரில் இருக்கிறது?

எனக்கு வேறு வேலையும் இல்லை. ஏனென்றால் சார் பஜார் முழுக்கச் சொல்லிவிட்டார், இந்தக் கடன் தீரும்வரை பூதத்தானுக்கு முறை கிடையாது என்று. பஜார் முக்கில் எங்கள் லோடுமேன் பெஞ்சு இருக்கிறது. வருகிற லோடை வரிசைப்படி எடுப்போம். அதற்குப் பேர் முறை. என் முறை வரும்போது வியாபாரிகள் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனைக் கூப்பிட்டார்கள். என்னைத் தாண்டி எழுந்து போகிறவன் தரையைப் பார்த்துக்கொண்டு போனான். வீட்டில் அடுப்பு ஒரு வேளைக்குச் சுருங்கியது. விறகு மிச்சம். காற்றில் புகையும் குறைவு. யோசித்துப் பார்த்தால் சூரிய சக்தித் திட்டத்தின் முதல் பயன் என் வீட்டுக்குத்தான் கிடைத்தது.

ஐயம்பெருமாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"லே பூதம், ரெண்டு தட்டுக்குப் பதினாலாயிரத்துச் சொச்சம்னா தட்டு ஒண்ணுக்கு ஏழாயிரத்துச் சில்லறை ஆவுதுலே. கோயில்ல தவுல் வாசிக்கவன்லாம் உங்கிட்டதான் வந்து படிக்கணும்."

"எப்படிலே அடைப்பேன்?"

"ஏன், இன்னும் ரெண்டு தட்டு தட்டு. சங்கத்துத் தலையில."

சொல்லிவிட்டு, மடியிலிருந்து ரெண்டு வடையை எடுத்து வைத்துவிட்டுப் போனான்.

இதற்கிடையில் ஒரு சின்ன விஷயம். சாட்சியம் சாய்ந்து நின்றது மோட்டார் ரூம் கதவில் என்றேன் அல்லவா? அந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. ஆயில் இன்ஜின் உள்ளே இருந்தது. ஆகவே சோலாரும் ஓடவில்லை, இன்ஜினும் ஓடவில்லை. டீசலை ஒழிக்கும் லட்சியம் இவ்வளவு சீக்கிரம் நிறைவேறும் என்று சாரே எதிர்பார்த்திருக்க மாட்டார். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினார்கள்.

வடக்குத் தெருவில் பீடி சுற்றுகிற ஹமீது பீவி அக்கா, நிறைகுடத்தோடு மேடேறி வந்து என் எதிரே நின்றாள்.

"ஏ பூதத்தான், இதைக் கொஞ்சம் அங்கன நகத்தேன். இன்ஜினைப் போட்டுட்டு மறுபடி இங்கனயே வச்சிருவோம்."

"கோட்டைத் தாண்டக் கூடாதுக்கா. சாட்சியம்."

"சாட்சியத்தை வச்சு உலை வைக்க முடியுமாவே? நேத்துப் பாறையில குடத்தோட வழுக்கி விழுந்தேன், பாத்துக்க."

"குடம் உடைஞ்சுதாக்கா?"

"பிளாஸ்டிக் குடம்லா."

"தப்பிச்சே. உடைஞ்சிருந்தா ஒனக்கும் விசாரணை வச்சிருப்பாவ."

அவள் சிரிக்கவில்லை. பேனலின் அடிமூலையைக் குனிந்து பார்த்தாள்.

"இங்கன குழி கிடக்கே. இது கை தட்டுன குழியா?"

"குழியப் பத்திப் பிறகு பாப்போம்னு சார் சொல்லியிருக்காவ."

"பிறகுன்னா எப்போ? உலகம் அழியுத கயாமத்து நாள்லயா?"

நான் ஆட்டை எழுப்பிவிடப் போய்விட்டேன்.

கடைசியில் கம்பெனியிலிருந்து இஞ்சினியர் வந்தார். பேர் மெர்வின். மடிப்புக் கலையாத சட்டை. கழுத்தில் கயிறு போட்ட அட்டை, அதில் அவர் படம். படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார், நேரில் இல்லை. ஜீப்பு ஓட்டிவந்த டிரைவர் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டுத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். செய்தி பரவி ஊரே மோட்டார் ரூம் முன்னால் கூடிவிட்டது.

மெர்வின் பேனலைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். காய்ப்பு ஏறின இடத்தைப் பேனாவால் குத்திப் பார்த்தார்.

"கடினமான கை" என்றார்.

"ரொம்ப நாளாச்சு சார்" என்றேன் நான்.

"சம்பவத்தை அப்படியே திரும்பச் செஞ்சு காட்டணும். நல்ல பேனல் ஒண்ணை எடுங்க. அன்னைக்குத் தட்டின மாதிரியே தட்டுங்க."

ஏழாவது பேனலைப் பழையபடி பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். நான் ரெண்டு தட்டு தட்டினேன். பெட்டியைத் திறந்தார்கள். என் முகம் ஒரே துண்டாகத் தெரிந்தது.

மெர்வின் தலையை ஆட்டினார். "அன்னைக்கு இருந்த பலம் இதுல இல்ல. வேணும்னே குறைச்சுத் தட்டுறீங்க."

"வேணும்னு இல்ல சார். அன்னைக்குச் சாப்பிட்டிருந்தேன்."

இது 'நியாயமான விளக்கம்' என்று சாலமோன் சார் ஒப்புக்கொண்டார். விசாரணை குறைபாடில்லாமல் நடக்க வேண்டும் என்பதால் சங்கச் செலவில் எனக்கு நாலு புரோட்டாவும் சால்னாவும் வாங்கிவர ஆள் போனது. ஊர் சுற்றி நின்று பார்க்க நான் விசாரணைக்காகச் சாப்பிட்டேன். அத்தனை நாளில் முதல்தடவையாக வயிறு நிறைந்தது. அந்தத் தொகையை என் கடனோடு சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கலாம் என்றார் சார்.

கையைக் கழுவிக்கொண்டு மறுபடி தட்டினேன். இந்தத் தடவை முழுப் பலத்தோடு. மோட்டார் ரூம் மேலிருந்த புறா பறந்தது. பேனலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஹமீது பீவி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தம்பி, நான் படிக்காதவ. ஒண்ணு கேக்குதேன். தட்டுனா உடையும்னா உங்க கண்ணாடி அப்பளம்னு அர்த்தம். உடையாதுன்னா இவன் மேல குத்தம் இல்லைன்னு அர்த்தம். ரெண்டுல எது?"

மெர்வின் கழுத்து அட்டையை நேராக்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: "எங்க கண்ணாடி ஆலங்கட்டி மழை தாங்கும்மா. புயல் தாங்கும். ஆள் ஏறி நின்னாலும் தாங்கும். ஆனா தட்டுனா உடைய 'வாய்ப்பு' இருக்கு."

"எவன் தட்டுனாலுமா, இவன் தட்டுனா மட்டுமா?"

"உறுப்பினர் அல்லாதவர்கள் கேள்வி கேட்கக் கூடாது" என்றார் சாலமோன் சார்.

"நானும் என் வீட்டுக்குன்னு பணம் போட்டவ சார்."

"பணம் போட்டால் பயனாளி. உறுப்பினர் அல்ல."

மெர்வினுக்கு ரோஷம் வந்துவிட்டது. கண்ணாடி எவ்வளவு உறுதி என்பதைப் பின்பக்கத்தில் கம்பெனியே ஒட்டியிருக்கிற சீட்டில் காட்டுகிறேன் என்று ஏழாவது பேனலைப் பெட்டியிலிருந்து உருவித் தனியாகத் தூக்கினார். அதைத் தூக்க எப்போதும் ரெண்டு பேர் வேண்டும். நான் உதவிக்குக் கை நீட்டினேன்.

"நீங்க தொடாதீங்க!"

தொடவில்லை. அவர் பேனலைத் திருப்பினார். ஒரு மூலை மோட்டார் ரூமின் கல்படியில் 'டொக்' என்று இறங்கியது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. வாணலியில் கடுகு வெடிப்பதுபோல ஒரு பொரிவு. அது மூலையிலிருந்து கிளம்பி நாலாபக்கமும் ஓடிப் பேனலை நிறைத்தது. பார்க்கப் பார்க்க ஏழாவதும் கல்கண்டு ஆயிற்று. மூலையில் ஒரு குழி. எட்டாவதில் இருந்ததைப்போலவே, அச்சு அசலாக.

ஐயம்பெருமாள் பைய என் காதருகே வந்தான்.

"லே, குழியப் பத்திப் பேசச் சொல்லு இப்ப."

நான் சாரைப் பார்த்தேன். சார் குழியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இவ்வளவு காலம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். நின்ற இடத்திலேயே போட்டுவிட்டார்.

"இந்த விசாரணை ஏன் நடந்தது? எட்டாவது உடைந்ததால். விசாரணை நடந்திருக்காவிட்டால் ஏழாவது உடைந்திருக்குமா? உடைந்திருக்காது. ஆகவே..."

இருபத்தொன்பதாயிரத்து எழுநூற்று இருபது. சூரியன் தலைக்குமேலே நின்று, தன் பாக்கி இரட்டிப்பானதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மெர்வின் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஒரு மீட்டரை எடுத்தார். எதற்கோ உடைந்த பேனலின் ஒயரில் வைத்துப் பார்த்தார். கண்கள் விரிந்தன. எட்டாவதிலும் வைத்துப் பார்த்தார். படத்தில் இருந்த சிரிப்பு முகத்துக்கு வந்துவிட்டது.

"கரண்டு வருது! ரெண்டுலயும் வருது!"

உடனே தன் மேலதிகாரிக்குப் போன் போட்டார். கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினார். திரும்பி வரும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. "கம்பெனி விதிப்படி கரண்டு வந்தா பேனல் உடையலைன்னு அர்த்தம். கண்ணுக்குத்தான் உடைஞ்ச மாதிரித் தெரியும். இதுக்குப் பேரு 'தோற்றக் குறைபாடு'. சந்தனப்பொட்டு கலைஞ்சா மனுஷன் செத்துட்டான்னு சொல்லுவோமா?"

சாலமோன் சார் கையெடுத்துக் கும்பிட்டார். ஊருக்கு நஷ்டமில்லை, கம்பெனிக்கு நஷ்டமில்லை, இஞ்சினியர் வேலைக்குப் பங்கமில்லை. உடைந்ததை உடையவில்லை என்று சொல்லிவிட்டால் எத்தனை பேர் பிழைத்துக்கொள்கிறார்கள்! உண்மைக்கு இப்படி ஒரு கருணை என்றைக்காவது இருந்திருக்கிறதா?

"மழை வந்தா இந்த விரிசலுக்குள்ள தண்ணி இறங்காதா?" என்று ஹமீது பீவி அக்கா கேட்டாள். அவள் பயனாளி என்பதால் யாருக்கும் காது கேட்கவில்லை.

ரெண்டையும் இரும்புத் தாங்கியில் ஏற்ற வேண்டும். பெஞ்சில் இருந்தவர்களைக் கூப்பிட்டார்கள். ஐயம்பெருமாள் எழுந்து சோம்பல் முறித்தான்.

"பூதத்துக்கு முறை இல்லைன்னா எங்களுக்கும் கை வலி சார். எல்லாருக்கும் ஒரே நேரத்துல பிடிச்சுக்கிட்டுது."

மற்றவர்களும் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். இத்தனை நாள் தரையைப் பார்த்தவர்கள் அன்றைக்கு என்னைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் சாலமோன் சார் ஒருமுனை, மெர்வின் மறுமுனை என்று தூக்கினார்கள். சாரின் வேட்டி காலில் சிக்கியது. மெர்வின் முன்னால் போக வேண்டியவர் பின்னால் போனார். எப்படியோ எட்டாவது ஏறிற்று, ஏழாவது ஏறிற்று. மற்ற ஆறும் முன்பே ஏறியிருந்தன. ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

அப்போது சாருக்கு ஒரு யோசனை.

"பூதத்தான், இங்கே வா. வந்து உன் கையால் இந்தப் பேனலில் ரெண்டு தட்டு தட்டு. சேதாரமில்லாமல் ஏற்றுக்கொண்டோம் என்பது ஊர் அறியட்டும். நீ தட்டினால் உன் கடன் இந்த நிமிஷமே ரத்து. நாளைக்கே உனக்கு முறை."

கூட்டம் என் கையைப் பார்த்தது. நானும் பார்த்தேன். ரெண்டு தட்டு. அவ்வளவுதான். நாளைக்குப் பெஞ்சில் உட்கார்ந்து, என் முறைக்கு எழுந்திருக்கலாம். அடுப்பு ரெண்டு வேளைக்கு விரியும். கை தானாகவே எழும்பப் பார்த்தது. விரிசலைப் பார்த்தேன். மேற்கே பொதிகைப் பக்கம் பார்த்தேன். மேகம் இல்லை, ஆனால் எப்போதும் இல்லாமலே இருக்காதே. மழை வரும் அன்றைக்கு 'தட்டினது யார்' என்று கேட்பார்கள்.

"சார், நீங்க சொல்லி நான் தட்டாம இருப்பனா? ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்கே" என்றேன்.

"என்ன வழக்கம்?"

"கடைசி உருப்படிய வச்சவன்தான் தட்டணும். நான் தொடவே இல்ல. வச்சது நீங்க ரெண்டு பேரும். வேற ஆள் தட்டுனா செல்லாது."

"செல்லாது, செல்லாது" என்றான் ஐயம்பெருமாள். "பஜார்ல எவன்ட்ட வேணும்னாலும் கேளுங்க."

ஹமீது பீவி அக்காவும் சேர்ந்துகொண்டாள். "ஆமா சார். உடையாத பேனலைத் தட்டுறதுக்கு உங்களுக்கு என்ன பயம்?"

பயம் என்ற சொல் விழுந்ததும் மெர்வின் முன்னால் வந்தார். சாருக்கும் மரியாதைப் பிரச்சினை. ஆளுக்கு ஒரு தட்டு என்று முடிவாயிற்று. இந்த வரலாற்றுச் சம்பவத்தைப் படமெடுக்க மெர்வின் தன் போனை என் கையில் கொடுத்து, எதை அமுக்க வேண்டும் என்றும் காட்டினார்.

சார் ஒரு தட்டு. மெர்வின் ஒரு தட்டு. ரெண்டு பேரும் சிரித்தார்கள். நான் அமுக்கினேன்.

டிர்ர்ர் என்று ஜீப்பு கிளம்பிப் போய்விட்டது. டிரைவர் பழைய லாரி ஓட்டி. தூக்கத்தில் ரெண்டு தட்டு காதில் விழுந்திருக்கிறது. சேரன்மகாதேவியைத் தாண்டின பிறகுதான் பின்னால் இஞ்சினியர் இல்லை என்று கண்டுபிடித்தாராம்.

எப்படியோ, பேனல்கள் தாங்கிக்கு ஏறிவிட்டன. மோட்டார் ஓடியது. தொட்டி நிறைந்தது. வழக்கப்படி பொறுப்பு கைமாறிவிட்டதால் என் பேரிலிருந்த கடனை வைத்திருக்க இடமில்லாமல் போயிற்று. சார் வாயால் சொல்லாவிட்டாலும் மறுநாள் பஜாரில் என் முறைக்கு என்னையே கூப்பிட்டார்கள். முதல் லோடு உப்பு மூட்டை. இறக்கி முடித்து, மூட்டையின் நாலு மூலையையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ரெண்டு தட்டு தட்டினேன். நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுச் சங்க ஆபீசில் மாட்டினார்கள். அந்தச் சட்டத்துக் கண்ணாடியில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

ஐப்பசியில் மழை பிடித்தது. விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது. கல்கண்டுப் பேனல்கள் ரெண்டும் உள்ளுக்குள்ளே பழுப்பேறின. கண்ட்ரோல் பெட்டி ஒரு சிவப்பு விளக்கை மினுக்கிவிட்டு ஓய்ந்தது. மோட்டார் நின்றது. பெண்கள் குடத்தை எடுத்தார்கள். இந்தத் தடவை ஆற்றில் வெள்ளம்.

மறுபடியும் அவசரக் கூட்டம். மெர்வினும் வந்திருந்தார். பயனாளிகள் வாசலில் நின்றுகொண்டார்கள். சார் எழுந்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"அன்பார்ந்த உறுப்பினர்களே! இது ஒரு தனி மனிதரைக் குற்றம் சொல்லும் கூட்டம் அல்ல."

"தட்டுனது யாரு?" என்று வாசலிலிருந்து ஒரு குரல். ஹமீது பீவி அக்காதான்.

எல்லாத் தலையும் சுவர்ப்பக்கம் திரும்பியது. படத்தில் சாரும் மெர்வினும் பேனல் மேல் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சார் தன் படத்தை நெடுநேரம் பார்த்தார். அதைவிட நெடுநேரம் மெர்வின் தன் செருப்பைப் பார்த்தார். இனி சாக்பீஸ் வருமா, முறை நிற்குமா, புரோட்டா வருமா என்று நான் ஆவலோடு காத்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை. டீ மட்டும் வந்தது. டீ ஆறுவதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது. மழை என்பது மனித சக்திக்கு அப்பாற்பட்டது. பேனல்கள் பழுதானது 'இயற்கைச் சீற்றம்'. இதில் யாருக்கும் பொறுப்பில்லை. இருபத்தொன்பதாயிரத்து எழுநூற்று இருபது ரூபாயும் தள்ளுபடி. பழைய ஆயில் இன்ஜினுக்கு 'மாற்று எரிசக்தி ஏற்பாடு' என்று புதுப் பேர். நான் ஆட்டை எழுப்பிக்கொண்டிருந்த நாட்களின் கூலியைப் பற்றி யாரோ முனகினார்கள். அது ஐயம்பெருமாள். குறுக்கிடக் கூடாது என்றார் சார்.

தீர்மானத்துக்கு எல்லாரும் கை தட்டினார்கள். நான் மட்டும் கைகளை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டேன். எதையாவது தட்டித் தொலைத்தால் ஊருக்கு மறுபடி ஒரு விசாரணைச் செலவு.

அதே கம்பெனி, அதே கண்ணாடி, அதே ரெண்டு தட்டு. அவர்கள் கை பட்டபோது அதற்குப் பேர் இயற்கை. என் கை பட்டபோது பதினாலாயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய்.